ஆவாரம்பட்டையும் ஆல்பனாக் கோலமும்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் கொல்கத்தாத் தமிழ்க் குடும்பத்தின் பெட்டியில் இரண்டு பொருள்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று வங்காளத்துக் கைத்தறிப் புடவை. மற்றொன்று சாந்திநிகேதனத்துத் தோற்பை. அத்தைக்குக் கைப்பை, மாமாவுக்குப் பணப்பை, தாத்தாவுக்குக் கண்ணாடிக்கூடு என்று ஆளுக்கொன்று எடுத்துச் செல்கின்றோம். செம்மையும் பழுப்பும் பசுமையும் கலந்த அதன் நிறத்தையும், விரலால் தடவினால் புடைத்து நிற்கும் பூவேலையையும் கண்டு ஊரார் வியக்கின்றனர். “எல்லாம் வங்காளத்துக் கைத்திறன்” என்று நாமும் பெருமையோடு விடை பகர்கின்றோம்.

அவ்விடை பாதி உண்மையே. பூவேலை வங்காளத்தினது, ஆயின் பூவைத் தாங்கும் தோலின் கதை நம் தமிழகத்தில் தொடங்குகின்றது. இவ்வேலைக்கு மிக உகந்தது எனத் தேர்ந்தோர் கொள்ளும் தோலுக்கு ‘ஈ.ஐ. தோல்’ என்று பெயர். கிழக்கிந்தியத் தோல் என்பது அதன் விரிவு. அப்பெயரை உலகச் சந்தையில் நிலைநாட்டியவை தமிழகத்துப் பதனிடு சாலைகளே. இன்று சாந்திநிகேதனத் தோற்பொருள்களும் தமிழகத்து ஈ.ஐ. தோலும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றுள்ளன. ஒரு பணப்பைக்குள் இரு நாடுகள் கைகோத்து நிற்கின்றன என்று சொன்னால் அது மிகையன்று.

ஆயினும் இக்கதையில் பெருமை மட்டும் இல்லை. தோலைத் தொட்ட கைகளுள் ஒன்று கலைஞனின் கை என்று போற்றப்பட்டது. மற்றொன்று தீண்டத்தகாத கை என்று ஒதுக்கப்பட்டது. இரு கைகளிலும் இருந்த கருவியோ ஒன்றுதான். அக்கருவிகளின் கதையைச் சொல்லுமிடத்து இதனையும் சொல்லாது விடுதல் முறையன்று.

பட்டை தந்த பண்பு

உரித்த தோலை அப்படியே விட்டால் சில நாளில் அழுகும். காய வைத்தால் பலகைபோல் விறைக்கும். அழுகாமலும் விறைக்காமலும் அதனை நிலைபெறச் செய்வதே பதனிடுதல். மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு பிணைந்து அவற்றைக் காக்கின்றது. இவ்வுண்மையை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே கண்டுகொண்டான். தமிழகத்திற்கு இயற்கை அளித்த துவர்ப்புச் செடி ஆவாரை. தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சட் பூவோடு நிற்கும் செடி அது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட நம் தாய்மார் பறித்து வரும் அதே ஆவாரைதான்.

தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்குவர். உட்புறத்தில் ஒட்டிய ஊனைச் சீவியெறிவர். சுண்ணாம்பு போகக் கழுவியபின், ஆவாரம்பட்டை ஊறிய நீரில் இடுவர். முதலில் மெல்லிய சாறு, பின்னர்ச் செறிந்த சாறு எனத் தொட்டி மாற்றிப் பல நாள் ஊறவைத்தல் வேண்டும்; தொடக்கத்திலேயே செறிந்த சாற்றில் இட்டால் மேற்புறம் மட்டும் இறுகி உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் ஊட்டி, நிழலில் உலர்த்துவர். வெளிர்மஞ்சள் நிறமும் மெழுகு போன்ற மென்மையும் கொண்டு அத்தோல் வெளிவரும். 19ஆம் நூற்றாண்டில் இது சென்னைத் துறைமுகத்திலிருந்து கட்டுக்கட்டாக லண்டன் சந்தைக்குச் சென்றது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி முதலிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றன. பின்னாளில் ஆவாரம்பட்டை அருகவே, வாட்டில் மரப்பட்டை அதன் இடத்தைப் பெரும்பாலும் பற்றிக்கொண்டது.

இதற்கிடையே உலகில் வேறொரு முறை தோன்றியது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பார் குரோமிய உப்புக்களால் பதனிடும் முறைக்கு 1884இல் காப்புரிமை பெற்றார். சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் அம்முறையைச் சோதிக்கத் தொடங்கினார். அவர் கருத்தில் இருந்தவற்றுள் ஒன்று நம் உழவரின் கவலைச் சால். கிணற்று நீரில் ஓயாமல் நனையும் சாலின் தோல் விரைவில் கெட்டுவிடும். குரோமியத் தோல் நீரைத் தாங்கி நெடுநாள் உழைக்கும். சென்னைக்கு அருகே 1912இல் எழுந்த குரோம் தோல் ஆலையின் பெயரே இன்றைய குரோம்பேட்டையின் பெயராகிவிட்டது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் வங்காளத்துப் பேராசிரியர் பி. எம். தாஸ். நம் தோல் இங்கு வந்தது போல, இங்குள்ள அறிவும் நம் ஊருக்குச் சென்றது.

குரோமியத் தோல் காலணிக்கு நன்று, பூவேலைக்கு ஆகாது. அது துள்ளும் இயல்புடையது. எத்துணை அழுத்தினாலும் மீண்டும் நிமிர்ந்துவிடும். பட்டையில் பதனிட்ட தோலோ, நனைத்தால் களிமண் போல் இளகும். அழுத்திய கோட்டை ஏற்கும். உலர்ந்தபின் அதனை விடாது வைத்துக்கொள்ளும். தோற்பூவேலைக் கலை முழுவதும் இவ்வொரு பண்பின்மேல் எழுந்ததே. இதை அறியாது கடையில் கிடைத்த குரோமியத் தோலை வாங்கி வந்து, கோடு நிற்கவில்லையே என்று மனம் சோர்ந்து கைவிடுவோர் பலர்.

ஒரு மேசைக்குள் அடங்கும் பட்டறை

இக்கலைக்கு வேண்டும் கருவிகள் சிலவே. அவையும் மிகப் பழையவை. எகிப்து நாட்டுத் தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்னும் அமைச்சனின் கல்லறை ஓவியம் ஒன்றுண்டு. ஏறத்தாழ 3,400 ஆண்டுகட்கு முற்பட்ட அவ்வோவியத்தில் தோல்தொழிலாளர் பிறைவடிவக் கத்தியால் தோலை வெட்டுகின்றனர், குத்தூசியால் துளையிடுகின்றனர். அதே பிறைக்கத்தியை இன்றும் தோற்பட்டறைகளில் காணலாம். ஆர்மீனிய நாட்டுக் குகையொன்றில் 2008இல் கிடைத்த தோற்காலணிக்கு வயது ஏறத்தாழ 5,500 ஆண்டு. ஒரே தோலை மடித்து, வார் கோத்து இறுக்கிய அக்காலணியைச் செய்தவன் இன்று நம் தெருவிற்கு வந்தால், செருப்புத் தைப்பவரின் பெட்டியில் தனக்குப் பழக்கமான பொருள் சிலவற்றைக் காண்பான்.

முதற்பணி வெட்டுதல். கத்தி மழுங்கியிருந்தால் தோல் இழுபடும், விளிம்பு பிசிறும், கை தவறும். ஆகவே வெட்டுவதற்கு முன் தீட்டுக்கல்லில் கத்தியைத் தீட்டுவதே இக்கலையின் முதற்பாடம். மடிக்க வேண்டிய விளிம்பையும் ஒட்ட வேண்டிய விளிம்பையும் உட்புறமாகச் சரிவாகச் சீவி மெலிதாக்குதல் அடுத்தது. ‘ராம்பி’ என்று வடநாட்டுத் தொழிலாளர் வழங்கும் அகன்ற உளிக்கத்தி இதற்கு உதவும். சீவாமல் மடித்த பை முரடாய்த் தடித்து நிற்கும். நன்கு சீவி மடித்ததோ மடித்த இடம் தெரியாது.

அடுத்தது நனைத்தல். நீரில் தோய்த்த பஞ்சால் தோல் முழுவதையும் சீராகத் துடைத்துச் சிறிது நேரம் காத்திருத்தல் வேண்டும். மேற்புற ஈரம் உள்ளே இறங்கி, தோல் தன் பழைய நிறத்திற்குத் திரும்பத் தொடங்கும் நேரமே வேலைக்கு ஏற்ற பருவம். ஈரம் மிகுந்தால் கோடு மங்கும்; குறைந்தால் பதியாது. சப்பாத்தி மாவின் பதம் விரலுக்குத் தெரிவது போல இப்பதமும் பழக்கத்தால்தான் விரலுக்குத் தெரியும்.

இனிக் கோலம். மெல்லிய தாளில் வரைந்த படத்தைத் தோலின்மேல் வைத்து, ‘மாடலர்’ என்னும் கருவியின் கூர்முனையால் கோடுகளைத் தடவ, தோலில் படம் பதியும். மாடலர் என்பது இருமுனையும் வளைந்த, கரண்டி போன்ற சிறு உலோகக் கோல். அதன் தட்டை முனையால் பூவைச் சுற்றியுள்ள இடத்தைப் பலமுறை அழுத்தித் தாழ்த்தினால் பூ தானே உயர்ந்து தோன்றும். இன்னும் உயர வேண்டின், தோலைத் திருப்பி உட்புறமிருந்து உருண்டைமுனைக் கருவியால் புடைத்து, குழிந்த இடத்தில் பசையும் தோல்துகளும் நிரப்புவர். உலர்ந்தபின் தூரிகையால் வண்ணம் ஏற்றப்படும். ஒருமுறை இழுத்த கோட்டை அழிக்க இயலாது. பொறுமையை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் அரியர்.

இறுதியாக இணைத்தல். கவராயத்தால் விளிம்பிற்கு இணையாக ஒரு கோடு இழுத்து, புள்ளிச்சக்கரத்தை அதன்மேல் உருட்டினால் தையலுக்குரிய புள்ளிகள் சம இடைவெளியில் விழும். புள்ளிதோறும் குத்தூசியால் துளையிட்டுத் தைக்கலாம். அல்லது துளைக்குழாயை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி, வட்டத் துளைகளில் தோல் நாடாவைச் சுற்றிக் கோக்கலாம். சாந்திநிகேதனப் பைகளின் ஓரத்தில் நாம் காண்பது இந்த நாடாக் கோவையே.

தையலில் ஒரு நுட்பம் உண்டு. தையற்பொறி மேல் நூலையும் கீழ் நூலையும் தோலின் நடுவில் ஒன்றோடொன்று மாட்டி விடுகின்றது. ஓரிடத்தில் நூல் அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் நெகிழும். சேணம் தைப்போரின் கைத்தையலில் தேன்மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி உண்டு. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகச் சென்று இறுகும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை நிலைகுலையா. நாம் இதனை நூலிற் படித்தோம் அல்லோம். குழந்தையின் பள்ளிப்பை வாங்கிய சில திங்களிலேயே வார் பிரிந்து வந்தபோது, தெருமுனையில் அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர் அதனை இவ்வாறு தைத்துக் கொடுத்தார். பை கிழிந்து பழையதாகிய பின்னும் அவர் தைத்த வார் அசையவில்லை. அவர் தரையில் அமர்ந்து விளக்கினார். நாம் நின்றுகொண்டே கேட்டோம். அவரை நாம் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்னும் எண்ணம் வீடு வந்து சேர்ந்த பின்னரே தோன்றியது.

கலை வங்கம் புகுந்தது

தோலில் கோலம் இடுதல் இந்தியாவிற்குப் புதிதன்று. குசராத்தில் செந்நிறமும் நீலநிறமும் கொண்ட தோல் விரிப்புக்களில் பொன், வெள்ளி இழைகளால் பறவையும் விலங்கும் தைக்கப்பட்டதை மார்க்கோ போலோ தம் பயணக் குறிப்பில் வியந்து கூறியுள்ளார். ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டுக் கார்டோவா நகரின் புடைப்புத் தோல் பெரும்புகழ் பெற்றிருந்தது. ஆயின் வயிற்றுக்காக அன்றி மனமகிழ்ச்சிக்காகக் கற்றோர் தோலைக் கையில் எடுத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆலைப்பொருள்களின் வெள்ளத்தில் கைத்திறன் மாய்வது கண்டு வருந்திய வில்லியம் மோரிசு முதலியோர் இங்கிலாந்தில் கைவினை இயக்கத்தை வளர்த்தனர். கோப்டன்-சாண்டர்சன் என்னும் வழக்கறிஞர் தம் தொழிலை விட்டு, தோலட்டை நூற்கட்டும் கலையில் இறங்கினார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனைகளில் தோல்வேலை கற்பிக்கப்பட்டது. கைக்கு வேலை தந்தால் மனம் ஆறும் என்பதை மருத்துவரும் ஏற்றனர்.

வங்காளத்தில் நிலம் ஏற்கெனவே உழப்பட்டிருந்தது. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட 1905இல் கொல்கத்தாவில் தேசியத் தோற்பதனிடு சாலையைத் தொடங்கியவர் நீலரத்தன் சர்க்கார் என்னும் புகழ்பெற்ற மருத்துவர். சீன நாட்டு ஹக்கா மக்கள் டாங்கராவில் பதனிடு சாலைகளை வளர்த்தனர். 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்பின் அச்சாலைகள் நகருக்கு வெளியே பந்தலாவிற்குப் பெயரலாயின.

கவி இரவீந்திரநாதர் 1922இல் சுருல் என்னும் இடத்தில், லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயரின் துணையோடு கிராமப் புத்தமைப்புப் பணியைத் தொடங்கினார். அதுவே ஸ்ரீநிகேதனம். உழவர்க்கு உழவு ஓய்ந்த நாளிலும் கைத்தொழிலால் வருவாய் வரவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கவியின் மைந்தர் இரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமா தேவியும் ஐரோப்பாவில் பயின்ற தோற்கலையை அங்குக் கொணர்ந்தனர். 1951இல் விசுவபாரதியின் முதல் துணைவேந்தராகிய இரதீந்திரநாதர், தம் கையால் மரவேலையும் தோல்வேலையும் செய்வதில் மகிழ்ந்தவர். கவி 1927இல் சாவகம் சென்று திரும்பியபின் அந்நாட்டுப் பாத்திக் முறையும் சாந்திநிகேதனத்தில் வேர்கொண்டது. மெழுகு வெடிப்பினூடே சாயம் இறங்கித் தோன்றும் நரம்புக்கோடுகள் துணியில் மட்டுமன்றித் தோலிலும் இடம்பெற்றன. வங்காளப் பெண்டிர் அரிசிமாவு கொண்டு தரையில் இடும் ஆல்பனாவின் கொடியும் தாமரையும் தோலில் ஏறின. நம் கோலத்தின் உடன்பிறப்பு ஆவாரம்பட்டையின்மேல் வந்து அமர்ந்தது! விற்பனை பெருகிய காலத்தில் உலோக அச்சுக்களால் அழுத்தும் முறையும் வந்தது. ஆயினும் கையால் இழுத்த கோட்டின் உயிர்ப்பு அதில் இல்லை. போல்பூரைச் சுற்றிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்கட்கு இக்கலை இன்றும் சோறு இடுகின்றது.

ஊசியின் புகழும் கையின் இழிவும்

செல்வக் குடியினர் தொட்டபோது தோல் கலையாயிற்று. அதற்கு முன்னும் அது கலையே என்பதை நம் முன்னோர் அறியாதார் அல்லர். புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளி போரிட்ட விரைவிற்கு ஓர் உவமை தேடுகின்றார். ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், மழை பொழிகின்றது, பொழுதும் சாய்கின்றது. இத்தனைக்கும் நடுவே ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னி முடிக்க விரைகின்றான். அவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எத்துணை விரைந்ததோ, அத்துணை விரைந்தது சோழனின் போர் என்கிறார் புலவர். மன்னனின் வீரத்திற்கு ஒரு தொழிலாளியின் ஊசி அளவுகோலாகின்றது. ஆயின் அதே பாட்டு அத்தொழிலாளியை ‘இழிசினன்’ என்றே சுட்டுகின்றது. ஊசிக்குப் புகழ்; கைக்கு இழிவு. அப்பாட்டைப் பாடமாகப் படித்த நாம் அதன் உவமை நயத்தை வியந்தோம். அச்சொல்லின் சுமையை எத்துணைப் பேர் எண்ணினோம்?

இச்சுமையை இறக்க முயன்றோர் வரலாற்றில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு. அது நிகழ்ந்த இடம் தென்னாப்பிரிக்கா. சத்தியாக்கிரகப் போரில் சிறை சென்றோரின் குடும்பங்கட்காக 1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. அங்கு வாழ்ந்தோருள் தமிழர் பலர். பண்ணையின் உரிமையாளரான காலன்பாக், மரியன்ஹில்லில் இருந்த கிறித்தவத் துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். பின்னர்ப் பலர் கற்றனர். அப்பண்ணைப் பள்ளியிலேயே, அந்நிய மண்ணிற் பிறந்து தாய்மொழியை அரைகுறையாய் அறிந்த தமிழ்ப் பிள்ளைகட்குக் காந்தியடிகள் தாம் அறிந்த தமிழைக் கற்பித்தார். புலம்பெயர்ந்த தமிழ்க் குழந்தைகள் வாழ்ந்த ஒரே பண்ணையில் தமிழெழுத்தும் குத்தூசியும் பயிலப்பட்டன! அத்தொழிலால் எவரும் இழிந்தார் அல்லர். 1914இல் தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்குமுன், தம்மைச் சிறையிட்ட ஸ்மட்சுக்கு அடிகள் தம் கையால் செய்த செருப்பைப் பரிசளித்தார். 1939இல் அடிகளின் 70ஆம் பிறந்தநாளை ஒட்டி ஸ்மட்ஸ் அதனைத் திருப்பி அனுப்பினார்; அச்செருப்பில் நிற்கும் தகுதி தமக்கு இல்லை எனவும் உணர்ந்து எழுதினார்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் எழுதியது தாளில். மனத்தில் எழுத வேண்டியோர் நாமே.

நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

நம் சங்கம் விடுமுறை நாள்களில் பிள்ளைகட்குத் தமிழும் பாட்டும் கோலமும் கற்பித்து வருகின்றது. அவற்றோடு தோற்கலையையும் சேர்த்தல் கூடும். ஒரு கத்தி, ஒரு மாடலர், குத்தூசி, கொட்டாப்புளி, துளைக்குழாய், கவராயம், நூலும் தேன்மெழுகும், ஒரு துண்டு ஈ.ஐ. தோல்: இவை போதும். முதலில் நூலில் வைக்கும் அடையாளப் பட்டை செய்யட்டும். வெட்டும் கோடும் அதில் பழகும். அடுத்துக் கண்ணாடிக்கூடு, அதில் சீவலும் தையலும் வரும். பின்னர்ப் பணப்பை. கூர்மையான கருவிகளைப் பெரியோர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுதல் நலம்.

கோலம் வரையக் கற்பிக்க நம் தாய்மார் இருக்கின்றனர். மாடலர் பிடிக்கக் கற்பிக்கப் போல்பூர்க் கைவினைஞர் ஒருவரை அழைக்கலாம். தையலைக் கற்பிக்க எவரை அழைப்பது? வெகுதூரம் தேட வேண்டுவதில்லை. தெருமுனையில் அமர்ந்திருக்கும் அப்பெரியவர் நாற்பது தையலை நாம் நான்கு இடும் நேரத்தில் இடுவார். அவருக்கு ஆசிரியர்க்குரிய இருக்கையையும் உரிய ஊதியத்தையும் அளிப்போம். பிள்ளைகள் எழுந்து நின்று அவரை வணங்கட்டும். பின்னர் அவர் அருகே அமர்ந்து ஊசியைக் கையில் எடுக்கட்டும். அடுத்த கோடையில் ஊருக்கு எடுத்துச் செல்லும் பணப்பை நம் வீட்டிலேயே தைத்ததாக இருந்து, “யார் கற்றுக் கொடுத்தார்?” என்று பாட்டி கேட்கும்போது பிள்ளை அவர் பெயரைச் சொல்லுமாயின், அதுவே நாம் பெறும் மகிழ்ச்சி.